அறுபத்தொன்று

முதல் நாளே பெயரை வாங்கி வைத்துக்கொண்டு
ஓர் எண்ணைக் கொடுத்தார்கள்.
காலுறை, கைக்குட்டை, ரக்பி சட்டையின் கழுத்து,
எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் அறுபத்தொன்று.
அம்மா ரயிலில் உட்கார்ந்து தைத்தாள்.
நியூகாசில் தாண்டியதும் ஊசி விரலில் ஏறியது.
ஒரு தலையணை உறையில் அவள் ரத்தம்
ஈஸ்டர் வரை இருந்தது, பழுப்பாக.
நான் அதன்மேல் கன்னம் வைத்துத் தூங்கினேன்.

எங்கள் பள்ளி ஓர் அகதி.
இங்கிலாந்தில் பூசை குற்றமாயிருந்த நாளில்
பிளாண்டர்ஸில் பிறந்தது.
பிள்ளைகள் பொய்ப் பெயரில்
ஹெர்ரிங் படகுகளில் கடல் தாண்டிப் படிக்கப் போனார்கள்.
பிறகு அங்கே புரட்சி.
நாற்பது பையன்கள், ஆறு துறவிகள், ஒரு வெண்கல மணி
இந்தக் காற்றடிக்கும் நார்த்தம்பர்லாந்துக் கரையில்
நனைந்து வந்து இறங்கினார்கள்.
மணியின் நாக்கு மட்டும் ஆஸ்டெண்டில் தங்கிவிட்டது.
இருபது வருஷம் சுத்தியலால் அடித்தார்களாம்.
பழைய மாணவர்கள் விருந்தில் கரண்டியால்
மேசையை இருமுறை தட்டுவது அதன் நினைவாகத்தான் என்பார்கள்.
எனக்குத் தெரிந்து அது வெண்ணெய் கேட்பதற்கு.

குளிருக்கு மூக்கு ஒழுகினால்
மறைசாட்சிகளின் படம் இருக்கும் பக்கம் கை காட்டுவார்கள்.
குடல் உருவப்பட்ட மனிதர் முன்
மூக்கைப் பற்றி என்ன பேசுவது?
வெள்ளிக்கிழமை மீன்.
கடல் நூறு கெஜத்தில் இரைந்துகொண்டிருக்க
ஹல்லிலிருந்து ரயிலேறி வந்த மீன்.
ஆனாலும் பனிக்காலக் காலைச் செபத்தில்
எண்பது வாய்களிலிருந்து ஒரே ஆவி எழும்பும்போது
நான் எதற்கோ சொந்தம் என்று தோன்றும்.
அதைப் பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

போன மாதம் பள்ளியைப் பொருள்பொருளாக ஏலம் விட்டார்கள்.
பெஞ்சுகளை மதுக்கடைக்காரர் ஒருவர் எடுத்தார்.
மணியை யாரோ தோட்டத்துக்கு.
ஒரு பெட்டியில், இஸ்திரிப் பெட்டிகளுக்கு அடியில்,
சலவைப் பேரேடு.

அறுபத்தொன்றைத் தேடினேன்.
1913, ஆம்ப்ரோஸ் திரெல்கெல்ட், கையுறை ஒன்று காணவில்லை.
1917, எண் காலி.
அப்புறம் யார் யாரோ, கிழிசல்கள், பட்டன்கள்.
எனக்கு முந்தையவன் லியோ டன்ஸ்டன், வயது பதினொன்று.
வாரம் ஒரு விரிப்புதான் கணக்கு.
அவனுக்கு நான்கு. ஐந்து. மறுபடி ஐந்து.
ஓரத்தில் பென்சிலில், சிறிய நேரான எழுத்தில்:
‘ஃபாதர் ஆஸ்வின் ரோமுக்குப் போன வாரம். ஒன்று.’
அடுத்த பக்கம்: ‘திரும்பி வந்தார். ஆறு.’
அதற்கடுத்து: ‘தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். ந.ஹெ.’

அதற்கடுத்த வாரத்திலிருந்து
கையெழுத்து வேறு.

ஜூனில் லியோவின் பெயர்மேல் ஒரு கோடு.
செப்டம்பரில் அதே வரியில் நான்.
வாரம் ஒன்று, வாரம் ஒன்று, வாரம் ஒன்று,
ஏழு வருஷத்துக்கும்.

எனக்கு லத்தீன் கற்பித்தவர் ஃபாதர் ஆஸ்வின்.
நன்றாகக் கற்பித்தார்.
அந்த வினைத்திரிபுகள் இன்னும் நாக்கில் நிற்கின்றன.
அவற்றை எங்கே கொண்டுபோய்த் துப்புவது?

கூடத்துச் சுவரில் பொன்னெழுத்துப் பலகை
இன்னும் விலை போகாமல் தொங்கியது.
பதினெட்டு தலைமை ஆசிரியர்கள்.
ந.ஹெ. எங்கேயும் இல்லை.
நோராவா, நெல்லியா, ஹெஸ்லப்பா, ஹெட்லியா,
எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போனாள்,
கடைசி மாதக் கூலியையாவது கொடுத்தார்களா,
கேட்க ஆளில்லை. ஏலக்காரனிடம் கேட்டேன்.
அவன், ‘ஐந்து பவுண்டு’ என்றான்.

பேரேட்டைக் காரின் முன்னிருக்கையில் வைத்தேன்.
கதவைச் சாத்தி வண்டியை எடுத்ததும்
கார் கீச்சிட ஆரம்பித்தது,
யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று.
நிறுத்தி,
பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன்.